வேஷம் கட்டின நம்பரு

ஏன்டா பேராண்டி, அந்த லேப்டாப்பைக் கொஞ்சம் இப்படித் திருப்பு. இது என்ன, 'கள்ள…'ன்னு மூணு புள்ளி வெச்சு, பக்கத்துல லட்சக்கணக்குல ரூபாய் போட்டிருக்கு? நம்ம ஊரா? குறிச்சி எங்கடா போச்சு? பத்தி அகலம் பத்தலையாமே! உன் மேனேஜரு பாத்தா கள்ளக் கணக்குன்னுல்ல நினைப்பான். பவர் பிஐ-ன்னு பேரு மட்டும் பெருசா வெச்சிருக்கீங்க. கோட்டைப் பிடிச்சு நாலு விரக்கடை இழுத்து விடக் கை வலிக்குதாக்கும்.

நான் கமிஷன் மண்டியில கணக்கு எழுதினவன். மக்காச்சோளம், மரவள்ளி, மலையிலேருந்து இறங்குற கடுக்காய், புளி எல்லாம் என் பேரேட்டுல ஏறும். பேரு இடப்பக்கம் ஒட்டி நிக்கும், ரூபாய் வலப்பக்கம் ஒட்டி நிக்கும். நீ எல்லாத்தையும் நடுவுல நிறுத்தியிருக்க. அழகாத்தான் இருக்கு. எது ஆயிரம், எது லட்சம்னுதான் ஒரு பார்வையில தெரியல.

இந்த அழகுப் பைத்தியம் அதோட விட்டுச்சா? நம்மூரு கமா வரணும்னு 'ஃபார்மேட்' ஃபங்ஷனைப் போட்டியாமே. கமா வந்துச்சு, நம்பரு எழுத்தாப் போச்சு. இப்ப ஏறுவரிசையில அடுக்கிப் பாரு: 1,00,000 முதல்ல, 20,000 அடுத்து, 3,000 கடைசி. பலே! தெருக்கூத்துல அர்ச்சுனன் வேஷம் கட்டுறவன் விடிஞ்சதும் அரிதாரத்தைக் கழுவிட்டுக் கழனிக்குப் போயிடுவான்டா. நீ வேஷம் கட்டி விட்ட நம்பரு திரும்பிக் கூட்டலுக்கு வரவே இல்ல. நம்பரை நம்பராவே விடு. கமாவும் ரூபாய்க் குறியும் பத்தியோட ஃபார்மேட் அமைப்புல இருக்கட்டும். மெஷருக்குன்னா 'டைனமிக் ஃபார்மேட் ஸ்ட்ரிங்'னு 2023-லேயே குடுத்துட்டானாம். படிச்சவன் நீதான, எனக்கென்ன தெரியும்!

உன் கணக்குல வருஷம் ஆடியில பொறக்குது பாத்தியா? அகர வரிசையாம். ஒண்ணு முதல் பன்னெண்டு வரைக்கும் தனிப் பத்தி ஒண்ணு போட்டு, 'சார்ட் பை காலம்' குடு. சித்திரை தன் இடத்துக்குத் தானா வரும்.

இன்னொரு கூத்து, வெள்ளிமலை ரெண்டு தடவை வருது. எனக்குத் தெரிஞ்சு கல்வராயன்மலை தாலுகாவுக்குத் தலைமை வெள்ளிமலை ஒண்ணுதான். எவனோ பேருக்கு முன்னாடி ஒரு இடம் விட்டுத் தட்டியிருக்கான். பின்னாடி விட்டா பவர் பிஐ தானே வெட்டிடும், முன்னாடி விட்டா அது வேற ஊரு! பவர் கொயரியில 'ட்ரிம்' போட்டாத் தீந்துச்சு. ஆனா சேலம் பக்கத்துல கல்ராயன்னு எழுதுறதும், நாம கல்வராயன்னு எழுதுறதும் ஒரே மலைதான்னு எந்த ட்ரிம்முக்கும் தெரியாது. பழைய கணக்குல மாவட்டம் தென்னாற்காடு. 1993-ல விழுப்புரம் ஆச்சு. 2019 நவம்பர்லதான் கள்ளக்குறிச்சி தனியா வந்துச்சு. மூணையும் ஒண்ணாப் பொருத்தணும்னா ஆளு உக்காந்து ஒரு பட்டியல் போடணும். நீ என்னடான்னா பேருக்கொரு கலர் அடிச்சு வெச்சிருக்க, பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு அடிச்ச மிச்சம்னு நினைச்சியா?

அதெல்லாம் கூடப் பொறுத்துக்கலாம். அடியில 'மொத்தம்'னு போட்டு, அத்தனை ஊரு பின்கோடையும் கூட்டி வெச்சிருக்கியே ராசா, அந்த விலாசத்துக்குக் கடுதாசி போட்டா எந்த தபால்காரன்டா கொண்டு போவான்?