திபெத்துக்குத் தபால், அடையாறு வழி

1883-ல் மெட்ராஸிலிருந்து திபெத்துக்குக் கடிதம் எழுத நினைத்தவர்களுக்கு விக்டோரியா மகாராணியின் தபால் இலாகா எந்த உதவியும் செய்திருக்காது. ஆனால் அடையாற்றங்கரையில், பிரம்மஞான சபை வாங்கிப்போட்டிருந்த பங்களாவின் மாடியில், சுவரோடு சுவராக ஒரு மர அலமாரி தொங்கிக்கொண்டிருந்தது. கடிதத்தை அதற்குள் வைத்துக் கதவைச் சாத்த வேண்டியது. சற்றுப் பொறுத்துத் திறந்தால் கடிதம் காணாமல் போயிருக்கும். இமயத்துக்கு அப்பாலிருந்து மகாத்மாவின் பதில் வந்திருக்கும். ஸ்டாம்பு ஒட்டத் தேவையில்லை.

இந்த ஆபீஸின் போஸ்ட்மாஸ்டர் ஹெலனா பெத்ரோவ்னா பிளாவட்ஸ்கி. ரஷ்யப் பெரிய இடத்துப் பெண்மணி. கனத்த சரீரம், எதிராளியைத் துளைத்துப் பார்க்கும் கண்கள், விரலிடுக்கில் தானே சுருட்டிய சிகரெட். அவருக்கு வலது கை கர்னல் ஆல்காட். ஊரில் வக்கீல், மார்பு வரை புரளும் தாடி. 1874-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாகாணத்தில் ஒரு பண்ணை வீட்டுக்குப் பேய் வருகிறது என்று கேள்விப்பட்டுப் பத்திரிகைக்கு எழுதப் போனார். பேயை விட சுவாரஸ்யமாக அங்கே அம்மையார் உட்கார்ந்திருந்தார். அடுத்த வருஷமே நியூயார்க்கில் சபை ஆரம்பம். 1879-ல் பம்பாய் வந்து, 1882 கடைசியில் அடையாற்றில் குடியேறினார்கள்.

திபெத் பக்கத்தில் தபாலை வாங்கிக்கொண்டவர்கள் கூட் ஹூமி, மோரியா என்ற இரண்டு மகாத்மாக்கள். முற்றும் துறந்தவர்கள். ஆனால் கடிதம் எழுதுவதை மட்டும் துறக்கவில்லை. அலகாபாத்தில் 'பயனியர்' பத்திரிகை ஆசிரியராக இருந்த சின்னட் துரைக்கு கூட் ஹூமி பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் எழுதித் தள்ளினார். சின்னட் அவற்றை வைத்து 1881-ல் ஒரு புத்தகமே போட்டுவிட்டார். அங்கேதான் முதல் வில்லங்கம். ஹென்றி கிடில் என்ற அமெரிக்கர் அதைப் படித்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் திடுக்கிட்டு நின்றார். மகாத்மாவின் ஞானமொழி ஒன்று, 1880 ஆகஸ்டில் தான் மேடையில் பேசிய பேச்சாகவே இருந்தது. வரிக்கு வரி.

1883-ல் கிடில் பத்திரிகைக்கு எழுதிக் கேட்டார். திபெத்திலிருந்து விளக்கம் வந்தது. கடிதத்தைக் கையால் எழுதவில்லையாம். மனத்தாலே ஒரு இளம் சீடனுக்குச் சொல்லி, அவன் காகிதத்தில் பதிய வைத்தானாம். 48 மணி நேரம் விடாமல் குதிரைச் சவாரி செய்துவிட்டு வந்த அசதியில் மகாத்மா பாதித் தூக்கத்தில் இருந்ததால் சில வரிகள் விட்டுப்போய்விட்டனவாம். விட்டுப்போனவற்றில் இன்னார் பேச்சிலிருந்து எடுத்தது என்ற விவரமும் அடக்கம். நம் ஊர் முனைவர் பட்ட ஆய்வேடுகளில் இவ்வளவு கற்பனையான சமாதானத்தை இன்னும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

மகாத்மாக்கள் குதிரையில் சவாரி செய்வது உண்மைதான் என்று சொல்ல ஒரு சாட்சியும் இருந்தார், அதுவும் நம்மவர். திருநெல்வேலியில் ரிஜிஸ்திராராக இருந்த எஸ். ராமசாமி ஐயர், 1882-ல் குருவைப் பார்த்தே தீருவது என்று டார்ஜிலிங் போய், அங்கிருந்து சிக்கிம் பக்கமாகக் காட்டுவழியில் நடந்தார். எதிரே ஒருவர் குதிரையில் வந்தார். இவர்தான் மோரியா என்று ஐயருக்குத் தெரிந்துவிட்டது; விழுந்து கும்பிட்டார். ஊர் திரும்பியதும் அத்தனையையும் சபையின் பத்திரிகையில் எழுதினார். பத்திரப் பதிவில் வாழ்நாளைக் கழித்தவர் ஆளை அடையாளம் காட்ட ரெண்டு சாட்சிகள் வேண்டாமா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

இனி, கதையின் உண்மையான நாயகி. பெயர் எம்மா கூலோம். அடையாறு பங்களாவின் வீட்டு நிர்வாகம் அவர் கையில். சாவிக்கொத்து அவர் இடுப்பில். கணவர் அலெக்ஸிஸ் கூலோம் தச்சு வேலை, ரிப்பேர் வேலை எல்லாம் பார்ப்பார். எம்மாவுக்கும் அம்மையாருக்கும் பழக்கம் கெய்ரோவில், 1870-களின் தொடக்கத்தில். அங்கே பிளாவட்ஸ்கி ஆவிகளோடு பேச ஒரு சங்கம் தொடங்கி அது சீக்கிரமே படுத்துவிட, கைச்செலவுக்குப் பணம் கொடுத்து உதவியவர் எம்மா. பிறகு சக்கரம் சுழன்றது. இலங்கையில் கையில் காசில்லாமல் நின்ற கூலோம் தம்பதி 1880-ல் பம்பாய்க்குக் கப்பலேறி வந்து பழைய சிநேகிதியின் நிழலில் ஒதுங்கினார்கள்.

கடன் கொடுத்தவளை வீட்டு நிர்வாகி ஆக்கி, அவள் புருஷனிடம் ரகசிய அறையின் தச்சு வேலையையும் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்று எந்த மாமியாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். முக்காலமும் உணர்ந்த மகாத்மாக்களுக்கு இது மட்டும் தெரியாமல் போயிற்று.

அலமாரியின் புகழ் உச்சத்துக்குப் போனது 1883 ஆகஸ்டில். அம்மையார் அப்போது ஊட்டியில் இருந்தார். ஊட்டிவாசியான மேஜர் ஜெனரல் மார்கன் அடையாறு வந்து, அலமாரிக்குள் இருக்கும் மகாத்மா படத்தைப் பார்க்க வேண்டும் என்றார். எம்மா அவசரமாகக் கதவைத் திறக்க, விளிம்பில் வைத்திருந்த பீங்கான் தட்டு ஒன்று தரையில் விழுந்து சுக்குநூறானது. ஐயோ, அம்மையாருக்கு உயிரான தட்டாயிற்றே என்று எம்மா பதறினார். துண்டுகளைப் பொறுக்கித் துணியில் கட்டி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். சில நிமிஷம் கழித்துத் திறந்தால் தட்டு முழுசாக இருந்தது. கீறல் இல்லை, விரிசல் இல்லை. கூடவே கூட் ஹூமியின் சீட்டு. கிறிஸ்தவ பக்தையான எம்மாவைச் சீண்டும் தோரணையில், சாத்தானை ஊர் சொல்லும் அளவுக்குக் கறுப்பென்று நினைக்க வேண்டாம் என்ற அர்த்தத்தில் எழுதியிருந்தார். ஜெனரல் அசந்துபோனார். போர்க்களத்தில் வளர்ந்த மூளை, பீங்கான் விஷயத்தில் சரணடைந்துவிட்டது.

வெடித்தது 1884-ல். எம்மாவுக்குச் சொந்தமாக ஒரு ஹோட்டல் வைக்க ஆசை. சபையில் இருந்த ஹரிசிங்ஜி என்ற சமஸ்தானத்து இளவரசரிடம் 2000 ரூபாய் கேட்டு வைத்திருந்தார். காரியம் கைகூடும் நேரத்தில் அம்மையார் குறுக்கே விழுந்து தடுத்துவிட்டார். நன்றாக யோசித்துப் பார்த்தால், இந்தியாவில் அமானுஷ்யத்தின் வரலாறே இந்த 2000 ரூபாயில்தான் திரும்பியது. பிப்ரவரியில் அம்மையாரும் கர்னலும் ஐரோப்பா கிளம்பினார்கள். மே மாதம் சபையின் நிர்வாகக் குழு கூலோம் தம்பதியை வீட்டை விட்டு வெளியேற்றியது. போகும்போது எம்மா சட்டி பானையை எடுத்துப்போகவில்லை. அம்மையார் தனக்கு எழுதியதாகச் சொன்ன கடிதக் கட்டு ஒன்றை எடுத்துப்போனார். அது நேராக மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி மிஷனரிகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தால் ஆகாத காரியம் ஒரு வீட்டு நிர்வாகியால் ஆயிற்று என்று பாதிரிமாருக்குச் சந்தோஷம். செப்டம்பரில் கல்லூரிப் பத்திரிகையில் கடிதங்கள் வெளியாயின. எந்தக் கடிதத்தை எப்போது, எங்கே விழவைக்க வேண்டும் என்பது போன்ற வீட்டுக் குறிப்புகள் அதில் இருந்தன. அம்மையார் ஐரோப்பாவிலிருந்தே, விஷமமான பகுதிகள் எல்லாம் போலி என்றார்.

கூலோம் தம்பதி வாயையும் திறந்தார்கள். கூரையிலிருந்து கடிதம் விழுவது எப்படி? உத்தரத்தின் மேல் கடிதத்தை வைத்து நூல் கட்டி, பக்கத்து அறையிலிருந்து இழுப்பது. மகாத்மா நிலவொளியில் தரிசனம் தருவது எப்படி? 'கிறிஸ்டோஃபோலோ' என்று செல்லப் பெயரிட்ட ஒரு பொம்மைத் தலை. அலெக்ஸிஸ் அதைத் தோளில் ஏந்திக்கொண்டு மாடியில் உலாத்துவார். வீட்டில் சேர்ந்தபோது இந்த வேலையையும் யாராவது சொல்லித்தான் சேர்த்தார்களா என்பது அலெக்ஸிஸுக்கே வெளிச்சம்.

லண்டனில் 1882-ல் தொடங்கிய மனவியல் ஆராய்ச்சிக் கழகம் ஒன்று இருந்தது. பேய், பிசாசு, மீடியம் எல்லாவற்றையும் படித்தவர்கள் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் இடம். ஐரோப்பாவில் அம்மையாரோடு பேசிப் பார்த்து முதலில் கொஞ்சம் சாதகமாகத்தான் அறிக்கை எழுதியிருந்தார்கள். மெட்ராஸ் செய்தி வந்ததும், நேரில் போய்ப் பார்க்க ஓர் ஆளை அனுப்பினார்கள். ரிச்சர்ட் ஹாட்சன்: மெல்போர்னில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்தவர், முப்பது தாண்டாத கட்டுமஸ்தான ஆள். 1884 டிசம்பரில் வந்து இறங்கி மூன்று மாதம் தங்கினார்.

வந்தவர் முதலில் கேட்டது அலமாரியை. அலமாரி இல்லை. சிதையேறிவிட்டது.

அது எரிந்த கதை தனி ரகம். வதந்தி பரவிய நாளில் சபைக்காரர்கள் சிலர் அலமாரியைச் சுற்றி நின்று ஆராய்ந்தார்கள். ஒரு விசுவாசி, பாருங்கள், பின்பக்கம் எவ்வளவு கெட்டி என்று சொல்லி உள்ளங்கையால் பின்பலகையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். நடுப்பலகை சர்ரென்று மேலே ஏறிக்கொண்டது. அந்த அறையில் அடுத்து நிலவிய அமைதி எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. அலமாரி ராவோடு ராவாகக் கழற்றப்பட்டது, விறகாகியது. அலமாரி தொங்கிய சுவருக்கு அந்தப் பக்கம் யார் அறை? அம்மையாரின் படுக்கையறை. சுவரில் அடைக்கப்பட்ட ஒரு துவாரம்; அந்தப் பக்கம் முதுகு திறக்கும் சாமான் ஒன்று. எல்லாம் கூலோம் எங்களை மாட்டிவிடப் பின்னால் செய்த சதி என்றார்கள் சபையினர். அலெக்ஸிஸ், இல்லை, முதலிலிருந்தே நான்தான் செய்தேன் என்றார். தச்சர் யார் என்பதில் மட்டும் இரு கட்சிக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

ஹாட்சன் சாமானிய ஆள் இல்லை. ஞானத்தை விட்டுவிட்டுக் கடைக் கணக்கைப் பிடித்தார். பிராட்வே பீங்கான் கடை ஒன்றின் புத்தகத்தில், ஜெனரல் வருவதற்கு முந்தைய மாதம் எம்மா அதே மாதிரித் தட்டு ஜோடியாக வாங்கியது பதிவாகியிருந்தது. ஒன்று உடைய, இன்னொன்று பிழைக்க. உடைந்ததை ஒட்டவைக்க மகாத்மா வேண்டும். மாற்றிவைக்கப் பின்கதவு போதும்.

கையெழுத்து விவகாரம் இதைவிடக் கலகலப்பு. லண்டன் நிபுணர் நெதர்கிளிஃப்ட் மகாத்மா கடிதங்களைப் பார்த்து, இது பிளாவட்ஸ்கி எழுத்தில்லை என்றார். இன்னும் கொஞ்சம் மாதிரிகள் காட்டினார்கள். ஆமாம், பிளாவட்ஸ்கி எழுத்துதான் என்றார். சபை சார்பில் பெர்லினில் ஒரு நிபுணரைப் பிடித்தார்கள். அவர் நிச்சயமாக இல்லை என்றார்.

சபையின் 1884 டிசம்பர் மாநாட்டில், ஐரோப்பாவிலிருந்து திரும்பியிருந்த அம்மையார் வழக்குப் போட்டே தீருவேன் என்று குதித்தார். சபையின் வக்கீல்களும் நீதிபதிகளும் கூடி யோசித்து, வேண்டாம் என்றார்கள். அவர்களுக்குத் தொழில் தெரியும். கோர்ட்டில் முதல் கேள்வியே மகாத்மாவின் முகவரி என்ன என்பதாக இருக்கும். 1885 மார்ச் 31 அன்று உடல்நலம் கெட்டு, மனம் வெறுத்து, அம்மையார் மெட்ராஸை விட்டுக் கப்பலேறினார், திரும்பவே இல்லை. ஆண்டு முடிவில் ஹாட்சனின் அறிக்கை சுமார் 200 பக்கத்தில் வந்தது. சரித்திரம் கண்ட மிகத் தேர்ந்த, சுவாரஸ்யமான மோசடிக்காரர்களில் ஒருவர் என்று கழகம் தீர்ப்புச் சொன்னது. திட்டா பாராட்டா என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். இத்தனைக்கும் என்ன காரணம் என்று ஹாட்சனே யோசித்து, அம்மையார் ரஷ்ய ஒற்றராக இருக்கலாம் என்றார். அலமாரியில் மூளையைச் செலவழித்த களைப்பு என்று விட்டுவிடலாம்.

நியாயத்துக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். 1986-ல் அதே கழகத்தின் இதழில் வெர்னன் ஹாரிசன் என்ற ஆவண நிபுணர், ஹாட்சனின் கையெழுத்து வாதங்கள் ஒருதலைப்பட்சமானவை, நிற்காது என்று எழுதினார். நூறு வருஷம் கழித்துக் கிடைத்த அரை விடுதலை. பிராட்வே தட்டு பாக்கி இருக்கிறது.

ஹாட்சன் கதை இதோடு முடிந்திருந்தால் அவர் நல்ல துப்பறிவாளராக மட்டும் நினைவில் நின்றிருப்பார். 1887-ல் பாஸ்டன் போனார். அங்கே லியோனோரா பைப்பர் என்ற மீடியம். பழக்க தோஷத்தில் அந்த அம்மாள் பின்னாலும் அவர் புருஷன் பின்னாலும் டிடெக்டிவ்களை ஏவிவிட்டார். ஒன்றும் அகப்படவில்லை. கடைக் கணக்கு இல்லை, நூல் இல்லை, முக்கியமாகக் கோபித்துக்கொண்டு போன வீட்டு நிர்வாகி இல்லை. செத்துப்போன நண்பர் ஒருவர் பைப்பர் அம்மாள் வாய் வழியாக வந்து பேசிப் பேசி, 1898 வாக்கில் ஹாட்சன் ஆவிகள் கட்சியில் சேர்ந்தேவிட்டார். நான் போய்ச் சேர்ந்தால் இந்த அம்மாள் வழியாக மற்ற ஆவிகளை விட நன்றாகப் பேசிக்காட்டுவேன் என்று சொல்லியும் வைத்தார்.

1905 டிசம்பர் 20 அன்று பாஸ்டன் படகு கிளப்பில் ஹேண்ட்பால் ஆடிக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்து இறந்தார். எட்டாவது நாள் பைப்பர் அம்மாள் மூலம் ஆஜர். சோதனை செய்யும் முறை அவர் நண்பர் தத்துவப் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸுக்கு வந்து சேர்ந்தது. ஆவி கலகலப்பாகப் பேசியது, நண்பர்களைக் கேலி செய்தது, பழைய கதைகளைக் கிளறியது. ஜேம்ஸ் உட்கார்ந்து எல்லாவற்றையும் அலசி 1909-ல் நீண்ட அறிக்கை வெளியிட்டார். ஹாட்சனாக இருக்கலாம், ஹாட்சனைப் போல நடிக்கும் வேறெதாகவும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதினார். ரிசல்ட் நிறுத்திவைப்பு.