ரெண்டே ரெண்டு வார்த்தை

எங்கள் அலுவலகத்தில் மாதக் கடைசி நாள் மதியம் 3 மணிக்கு யாராவது ஒருவர் ஓய்வு பெறுவார். மே மாதம் என்றால் மூன்று நான்கு பேர். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கப் போன அந்தக் காலத்து அப்பாக்கள், பிறந்த தேதி கேட்ட வாத்தியாரைப் பார்த்து விழித்தார்கள். வாத்தியார் தன் சௌகரியத்துக்கு ஒரு மே மாதத் தேதியைப் போட்டுக்கொண்டார். அதன் பலனை இப்போது நாங்கள் அனுபவிக்கிறோம்.

சமோசா, மிக்சர், ஒரு துண்டு மைசூர்பாகு என்று காகிதத் தட்டு கைக்குக் கை வரும். வந்தாலும் வாயில் போட முடியாது. அதற்குள் கணக்குப் பிரிவில் இருக்கும் நம்மவர் எழுந்துவிட்டிருப்பார். “எல்லாருக்கும் நேரமாச்சு. நான் ரெண்டே ரெண்டு வார்த்தை பேசிட்டு உட்கார்ந்துடறேன்.”

சமோசா ஆறி, அதன் எண்ணெய் தட்டில் ஊறி, தட்டின் எண்ணெய் என் பேன்ட்டில் இறங்கும்வரை அந்த இரண்டு வார்த்தை நீளும்.

இதே மனிதர் ஆறு வருஷத்துக்கு முன் எப்படி இருந்தார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆய்வுக் கூட்டத்தில் கணக்குப் பிரிவின் முறை வந்தது. எழுந்தார். கையில் இருந்த தாள் காற்றில் வாழையிலை மாதிரி சடசடத்தது. கடைசி வரிசையில் இருந்த எனக்கே கேட்டது. சாயங்காலம் 4 மணிக்கு “குட் மார்னிங்” என்றார். அதற்கு மேல் நாக்கு மேலண்ணத்தை விட்டு வரவில்லை. இணை இயக்குநர் பெருந்தன்மையாக, “பரவாயில்ல, மெயில்ல அனுப்பிடுங்க” என்றார். அன்று ராத்திரி நம்மவர் தூங்கவில்லை. அந்தச் சனிக்கிழமையே டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் ஒன்றில் சேர்ந்துவிட்டார்.

1924-இல் கலிபோர்னியாவின் சாண்டா அனா ஊரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கி வைத்தது அது. நாலு பேர் முன்னால் நின்று பேசப் பயப்படுகிறவர்கள் ஒன்றுகூடி, ஒருவர் முன் ஒருவர் பயந்து பயந்தே பயத்தைத் தீர்த்துக்கொள்ளும் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்ல மாட்டேன். பெரிய தாள் நடுக்கத்தைக் காட்டிக்கொடுக்கும், உள்ளங்கையில் அடங்கும் அட்டை காட்டாது என்று அங்கேதான் தெரிந்துகொண்டார். பேச்சு முழுவதையும் மனப்பாடம் செய்யாமல், முதல் இரண்டு வரியையும் கடைசி இரண்டு வரியையும் மட்டும் நெட்டுருப் போட்டார். ஒரு வாக்கியம் முடியும்வரை ஒரே ஆளின் கண்ணைப் பார்க்கப் பழகினார். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் மைக்கோடு போய் நின்றால் ‘கீ…’ என்று கத்தும், பின்னால் நிற்க வேண்டும் என்பது வரை அவருக்கு அத்துப்படி.

வீட்டுப்பாடமும் உண்டு. கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனீஸ் வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசிப் பழகினார் என்று புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். வேளச்சேரி ஃபிளாட்டில் கூழாங்கல்லுக்கு எங்கே போவது? நம்மவர் கற்கண்டு போட்டுக்கொண்டார். பேச்சு முடிவதற்குள் கற்கண்டு கரைந்தது. மூன்று மாதத்தில் சர்க்கரை 220.

ஆனால் பலன் இருந்தது. அடுத்த வருஷ ஆய்வுக் கூட்டத்தில், பில் ஏன் தேங்குகிறது என்று கேட்டபோது, ஒரே ஒரு பில் ஏழு மேசை ஏறி இறங்கிய கதையை மூன்று நிமிடத்தில் சொன்னார். இயக்குநர் சிரித்தார். மறுவாரம் இரண்டு மேசை குறைந்தது. கூட்டமே கைதட்டியது, நானும் தட்டினேன். செய்த பிழை அதுதான்.

அந்தக் கிளப்பில் ‘ஆ-கவுண்டர்’ என்று ஒருவர் உட்கார்ந்திருப்பாராம். பேசுகிறவர் எத்தனை ‘ஆ’, எத்தனை ‘உம்’ போட்டார் என்று எண்ணுவது அவர் வேலை. நம்மவர் அந்தப் பொறுப்பை வீட்டுக்கும் எடுத்துப்போனார். ஒருநாள் மனைவி, “கேஸ்காரர் வந்து, சிலிண்டரை வந்து, கீழேயே வந்து…” என்று ஆரம்பிக்க, “ஒரே வாக்கியத்துல மூணு ‘வந்து’” என்றிருக்கிறார். “வந்த சிலிண்டர் வாசல்லயே நிக்குது. மொதல்ல அதைத் தூக்கிட்டு வாங்க” என்று பதில் வந்திருக்கிறது. இதை அவரே மேடையில் சொன்னார், மூன்று முறை.

இன்னொருவர் பேச்சை மதிப்பிடுவதும் பயிற்சியில் சேர்த்தி. முதலில் பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடி பாராட்டு. இணை இயக்குநர் ஒருநாள் எங்கள் பிரிவையே நிற்க வைத்துக் கால் மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர் மூச்சு வாங்க நின்றபோது நம்மவர் முன்னால் போய், “குரல்ல ஏற்ற இறக்கம் பிரமாதம் சார். மேசையைத் தட்டினது மட்டும் கொஞ்சம் முன்னாடியே வந்துடுச்சு. மத்தபடி நல்ல முயற்சி” என்றார். அந்த மாதம் எங்கள் ஒருவர் லீவும் சாங்ஷன் ஆகவில்லை.

பயிற்சியின் மீது எனக்கு வருத்தம் இல்லை என்றேன் அல்லவா? அங்கே விளக்கு வைத்திருக்கிறார்கள். 7 நிமிடப் பேச்சென்றால் 5-ஆவது நிமிடம் பச்சை, 6-இல் மஞ்சள், 7-இல் சிவப்பு. அதற்கு மேல் அரை நிமிடம்தான் சலுகை. எங்கள் கூட்ட அறையில் இருப்பது ஒரு ட்யூப்லைட். அது எப்போதும் வெள்ளையாகத்தான் எரிகிறது.

சபையில் பேசும் சங்கதியை வள்ளுவர் அமைச்சியலில் வைத்திருக்கிறார். அதாவது வேலை பார்க்கிற இடத்துப் பேச்சு. 72-ஆம் அதிகாரம் அவையறிதல். எதிரே இருப்பது யார், என்ன நிலையில் இருக்கிறார் என்று முதலில் பார். 73 அதற்கப்புறம்தான் வருகிறது: அவையஞ்சாமை. நம்மவர் 73-ஐ மட்டும் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

போன மாதம் ரெக்கார்ட் கிளார்க்குக்கு விழா. கனத்த மாலையோடு அவர் வியர்த்துக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து வந்த குடும்பத்துக்கு அரக்கோணம் லோக்கலைப் பிடிக்க வேண்டும். கதையில் தொடங்கு என்கிறது கிளப்; பெயர் சொல்லி விளிக்காமல் தொடங்கினால் கோபித்துக்கொள்ளும் நம் ஊர். நம்மவர் இரண்டையும் கைவிடவில்லை. “அவர்களே… அவர்களே…” என்று நாலு நிமிடம், அப்புறம் கதை. உச்சக்கட்டத்துக்கு முன் ஒரு மௌனம் விட்டார், அதுவும் சொல்லிக்கொடுத்ததுதான். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்த ஆபீஸ் அசிஸ்டென்ட் பட்டென்று கைதட்டினார். மொத்தக் கூட்டமும் பிடித்துக்கொண்டது. ஒருவர் நாற்காலியை மடக்கவே தொடங்கிவிட்டார். நம்மவர் கண் கலங்கிப்போய், “இந்த அன்புக்காகவே இன்னொரு சம்பவம் சொல்றேன்” என்றார்.

நானாவது இவரைத் தடுத்திருக்கலாம். எனக்கு மேடையில் வருவது ஒரே வாக்கியம்: “எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதால்…” இதை வைத்துக்கொண்டு யாரைத் தடுப்பது?

வரும் மே மாதம் என் முறை. என் அப்பாவும் வாத்தியாரிடம் விழித்தவர்தான். நேற்று நம்மவர் சின்ன அட்டையோடு என் மேசைக்கு வந்து, “சின்ன வயசுல நீங்க கிணத்துல விழுந்தீங்களாமே சார், அது எந்தக் கிணறு? எவ்வளவு ஆழம்?” என்று விசாரித்துக் குறித்துக்கொண்டு போனார். விழாவுக்கு வர நினைக்கும் அன்பர்கள் டிபன் சாப்பிட்டுவிட்டு வரவும்.