ரீஃபண்ட் சார்

வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவரை முன்பெல்லாம் அவர் பெட்டியில் தொங்கும் விமான டேக்கை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் பாதி வீட்டுப் பரணில் அந்தப் பெட்டி கிடக்கிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் திரும்பியவர்களில் தனி ரகம் ஒன்று உண்டு. ஆன்சைட் என்று ரீடிங்கிலோ மில்டன் கீன்ஸிலோ இரண்டு வருஷம் இருந்துவிட்டு, அங்கே கூடுதலாகப் பிடித்த வருமான வரியைத் திரும்ப வாங்காமல் ஓயமாட்டேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டவர். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் எதுவாக இருந்தாலும் அபார்ட்மென்ட்டில் அவர் ‘ரீஃபண்ட் சார்’தான்.

மற்றவர்கள் மொபைலைத் திறந்தால் டவர் பிரிட்ஜ் முன்னால் குளிரில் நடுங்கியபடி நின்ற படம் வரும். இவர் மொபைலைத் திறந்தால் பி-60 வரும். அது வருஷக் கடைசியில் முதலாளி தரும் சம்பள, வரிச் சான்று. அடுத்து பி-45, வேலையை விடும்போது தருவது. “இது ஒரிஜினல், பீரோவுல இருக்கு” என்பார். பெண்டாட்டியின் தாலிச்சங்கிலிகூட பாங்க் லாக்கரில்தான்.

நமக்கு வருஷம் சித்திரை முதல் தேதி பிறக்கிறது. ஆடிட்டருக்கு ஏப்ரல் 1. ரீஃபண்ட் சாருக்கு ஏப்ரல் 6. பிரிட்டனில் வரி ஆண்டு அன்றைக்குத்தான் தொடங்குகிறது. லிஃப்டில் பார்த்தால் அன்று அவர் முகத்தில் பண்டிகைக் களை தெரியும். இதென்ன ரெண்டுங்கெட்டான் தேதி என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால் 1752க்கு அழைத்துப் போய்விடுவார். அந்த ஆண்டு பிரிட்டன் நாட்காட்டியைத் திருத்தியபோது 11 நாள்களைக் கணக்கிலிருந்து தூக்கியது. அதையொட்டி வரிக்கணக்கின் தேதி மட்டும் தள்ளிப்போனது. “நாளை விட்டான், வரியை விட்டானா பாருங்க!” என்று அவர் முடிப்பதற்குள் லிஃப்ட் இரண்டு முறை மேலே போய்க் கீழே வந்திருக்கும்.

கல்யாணப் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலை கிடைத்தவர் புண்ணியம் செய்தவர். “சார், அங்கே வருஷத்துக்கு 12,570 பவுண்டு வரைக்கும் வரி கிடையாது. அதைப் பன்னிரண்டாப் பிரிச்சு மாசாமாசம் கழிச்சுக்கிட்டு வருவான். நான் செப்டம்பர் கடைசியில கிளம்பிட்டேன். ஆறு மாசக் கழிவுதான் கிடைச்சுது. மிச்ச ஆறு மாசம்? ரேஷன் கடையில வாங்காம விட்ட சர்க்கரை மாதிரி அங்கேயே கிடக்கு!”

வாயால் சொன்னால் புரியாது என்று அவருக்கே தெரியும். ஆகவே வத்தக்குழம்பில் விரலைத் தொட்டு இலை ஓரத்தில் எழுதத் தொடங்குவார். மாதம் 3,500 பவுண்டு வீதம் ஆறு மாதத்துக்கு 21,000. பிடித்த வரி 2,943. முழு ஆண்டுக் கழிவையும் கொடுத்து மீதிக்கு 20 சதவீதம் போட்டால் கட்ட வேண்டியது 1,686 மட்டுமே. பாயசம் வரும்போது கழித்தல் கணக்கு நடந்துகொண்டிருக்கும். பரிமாறுகிறவர் “இலையில இடம் விடுங்க சார்” என்று நிற்பார். விடை 1,257.

அந்த எண்ணைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். காரணம், அவருடைய சம்பளச் சீட்டில் அச்சாகியிருந்த வரிக் குறியீடு 1257எல். 12,570இல் பாதியை எடுத்து 20 சதவீதம் போட்டால் 1,257 வந்துதான் தீரும். மூன்றாம் வகுப்புக் கணக்கு. அவர் அதைத் திருச்செந்தூர் முருகன் கொடுத்த உத்தரவாகவே எடுத்துக்கொண்டார்.

நாட்டை விட்டுக் கிளம்புகிறவர் நிரப்ப வேண்டிய படிவம் பி-85. எந்தத் தேதி கிளம்பினீர்கள், இங்கே வீடு ஏதும் வைத்திருக்கிறீர்களா, திரும்ப வருவீர்களா, வந்தால் எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டுக்கொண்டே போகும். அவருக்குப் பெண் கொடுத்த மாமனார்கூட இவ்வளவு விசாரித்ததில்லை. அத்தனைக்கும் பதில் எழுதியவர் தடுமாறிய இடம் ஒன்றுதான்: பெயர்.

நமக்கு இருப்பது ஒரு பெயர், ஓர் இனிஷியல். பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர் ஆக்கியாகிவிட்டது. வெள்ளைக்காரர்கள் மரியாதையாகக் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கடிதம் தொடங்குவார்கள். ஆகவே வரி அலுவலகக் கடிதங்கள் எல்லாம் அப்பாவையே விளித்து வந்தன. காரைக்குடியைத் தாண்டினால் மதுரையோடு நின்றுவிடும் அந்தப் பெரியவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்துவிட்டு, “ஏம்ப்பா, நான் எப்பப்பா லண்டன்ல வேலை பார்த்தேன்?” என்று பதறினார். “அது நான்தான்ப்பா” என்று மகன் விளக்கினார். பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப பணமும் என் பேருக்குத்தானே வரும்?”

பணம் வருவதற்கு முன் தொலைபேசி வந்தது. அதாவது இவர் போட்டார். அங்கே அலுவலகம் திறக்கும்போது இங்கே சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். சாப்பிட்ட கையோடு ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உட்கார்ந்தால் இசை ஓடும், ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும். “ஏங்க, யாராவது எடுத்தாங்களா?” என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். “க்யூவுல இருக்கேன்.” சாயங்காலம் பால் பாக்கெட் வாங்கப் போகும்போதும் க்யூவில்தான் இருந்தார். ஒரு நாள் நிஜமாகவே ஒரு பெண்மணி எடுத்து “குட் ஆஃப்டர்நூன்” என்றதும் ரீஃபண்ட் சாருக்குக் கேட்க வந்த கேள்வி மறந்துவிட்டது. “தேங்க்யூ மேடம்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

கடைசியில் காசோலை வந்தது. தெருவுக்கே காட்டிவிட்டுத்தான் வங்கிக்குப் போனார். கவுன்ட்டர் பெண் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, “இது பவுண்டு செக் சார். கலெக்‌ஷனுக்கு அனுப்பணும். நாளாகும், கமிஷன் பிடிப்பாங்க” என்றார். பிடித்ததைத் திரும்ப வாங்கப் போன இடத்தில் மறுபடி பிடிப்பார்கள் என்று கேட்டபோதுதான் அவர் முதல் தடவையாக உட்கார இடம் தேடினார். விவரமானவர்கள் ரீஃபண்ட் வந்து சேரும்வரை அங்கத்திய வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருப்பார்கள். இவர் கிளம்புகிற அன்றைக்கே மூடிவிட்டு, அதையும் ஒரு சாதனையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த வம்சத்தில் கிளைகளும் உண்டு. ஏஜென்ட்டிடம் விட்டுவிட்டு, வந்ததில் ஒரு பங்கை அவருக்கே தத்தம் செய்கிறவர் ஒருவர். வரியைக் கம்பெனியே ஏற்கும் ஒப்பந்தத்தில் போய்வந்து, ரீஃபண்டை வைத்து ஃப்ரிட்ஜ் வரை திட்டம் போட்டபின், அந்தப் பணமும் கம்பெனிக்கே சேரும் என்று தாம் கையெழுத்திட்ட தாளிலேயே படித்து அடங்கியவர் இன்னொருவர். நம்மவர் இவர்கள் இருவரையும் கண்டால் பரிதாபப்படுவார்.

ஆனால் அவருக்கும் ஓர் ஆறாத புண் உண்டு. சம்பளச் சீட்டில் வரிக்கு அடுத்த வரியில் நேஷனல் இன்சூரன்ஸ் என்று ஒரு பிடித்தம். நாட்டை விட்டு வந்துவிட்டேன் என்பதற்காக அதைத் திருப்பித் தரமாட்டார்கள். அரசு ஓய்வூதியமாகவாவது வருமா என்றால், குறைந்தது பத்து ஆண்டுக் கணக்கு வேண்டும். இவருடையது இரண்டு. “மிச்சம் எட்டு வருஷம்தான்” என்று அவர் சொல்லும்போது பெண்டாட்டி எழுந்து உள்ளே போய்விடுவார்.

உச்சக்கட்டம் மயிலாப்பூரில், ஆடிட்டர் வீட்டுத் திண்ணையில் நடந்தது.

“எப்ப ஊர் வந்தீங்க?”

“அக்டோபர் 1, சார்.”

ஆடிட்டர் விரல் விட்டு எண்ணினார். “மார்ச் 31 வரைக்கும் சரியா 182 நாள். நீங்க இந்த வருஷம் ரெசிடென்ட். அங்கே ஏப்ரல்லேர்ந்து வாங்கின சம்பளத்தையும் இங்கே காட்டணும்.”

“அங்கேயே வரி கட்டியாச்சே சார்!”

“கட்டினதை இங்கே கழிச்சுக்கலாம்.”

“அதுலதான் 1,257 பவுண்டு திரும்ப வாங்கிட்டேனே!” நெஞ்சை நிமிர்த்தினார்.

“அப்ப அந்த அளவுக்குக் கழிவும் குறையும்” என்றார் ஆடிட்டர், காபியை ஆற்றிக்கொண்டே. “டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

அந்த டிக்கெட்டைப் பற்றி அவர் இப்போதெல்லாம் பேசுவதில்லை. நானூறு ரூபாய் குறைச்சல் என்று அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான்.

இத்தனைக்கும் பிறகு என் தீர்ப்பு ரீஃபண்ட் சார் பக்கம்தான். அது யாரோ போட்ட பிச்சை இல்லை. ராத்திரி பகலாக உழைத்த காசு. கேட்காமல் விட்டால் கூப்பிட்டுக் கொடுக்க யாருக்கும் அவசரம் இல்லை. பிரிட்டனில் தற்காலிகமாக வேலை பார்த்துத் திரும்பியவர்கள் பி-45ஐத் தொலைக்காதீர்கள். பி-85ஐ நீங்களே நிரப்பலாம்; கட்டணம் கிடையாது. வரி ஆண்டு முடிந்ததிலிருந்து நான்கு ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும். 2022-23க்கு 2027 ஏப்ரல் 5 கடைசித் தேதி. கேட்டு வாங்குங்கள், வாங்கியதை ஆடிட்டரிடமும் சொல்லிவிடுங்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் சொன்னால் இன்னும் நல்லது.