ராதாவுக்குக் கோயில், கிளாராவுக்கு மழை

கேள்வி: இசைக்காகவே பார்க்க வேண்டிய மலையாளக் காதல் படம் ஒன்று சொல்லுங்களேன்?

பதில்: 'தூவானத்தும்பிகள்' (1987). பத்மராஜன் தம்முடைய 'உதகப்போள' நாவலிலிருந்து எடுத்தது. பாட்டு இரண்டே இரண்டு. எழுதியவர் ஸ்ரீகுமாரன் தம்பி, இசை பெரும்பாவூர் ஜி. ரவீந்திரநாத். வேணுகோபாலும் சித்ராவும் பாடியது திருச்சூர் வடக்குநாதர் கோயிலைச் சுற்றி வரும். கேட்டால் நமக்கே பிரகாரம் சுற்றிய நிறைவு.

ஆனால் என் ஓட்டு பின்னணி இசைக்கு. அது ஜான்சன். நாயகன் மோகன்லால், படத்தின் இரு நாயகியரில் ஒருத்தியான கிளாராவுக்கு முதல் கடிதம் எழுத உட்கார்ந்ததுமே மழை பிடித்துக்கொள்கிறது. பிறகு அவள் வரும்போதெல்லாம் மழையும் வரும், ஜான்சனின் ஒரு மெட்டும் கூடவே வரும். இன்னொரு நாயகி ராதாவுக்குக் கோயில், கிளாராவுக்கு மழை என்று பத்மராஜன் பங்கு பிரித்திருக்கிறார். வானிலை அறிக்கை பொய்க்கலாம், ஜான்சன் பொய்த்ததில்லை! இவ்வளவு குறைந்த சுரங்களில் ஒரு பெண்ணின் வருகையையும் பிரிவையும் சொன்னவர் வேறு யாரும் எனக்குத் தெரியவில்லை. பின்னாளில் அவருக்கு இரண்டு முறை தேசிய விருது கிடைத்தது.

படத்தை ஓட்டி ஓட்டிப் பார்க்காதீர்கள். வசனம் இல்லாத இடங்களில்தான் ஜான்சன் பேசுகிறார்.