சேதுவும் எங்கள் அண்ணனும்

'சேது' வந்தது 1999 டிசம்பரில். வாங்க ஆளில்லாமல் பெட்டிக்குள்ளேயே கிடந்து, கடைசியில் சென்னையில் ஏதோ ஒரு தியேட்டரில் பகல் காட்சியாகத் தொடங்கி, பார்த்தவர்கள் வாயால் சொல்லிச் சொல்லியே நூறு நாளைத் தாண்டிய படம். பாலு மகேந்திராவிடம் உதவியாளராக இருந்த பாலாவுக்கு அது முதல் படம். ஏறக்குறைய பத்து வருஷமாக ஒரு நல்ல வேடத்துக்காகக் காத்திருந்த விக்ரமை அந்த ஒரே படம் 'சீயான்' ஆக்கியது. தமிழில் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது.

காவிரிக்கரையில் முசிறிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் பெட்டி வரப் பொங்கல் கழிந்துவிட்டது. படம் விட்டு வெளியே வந்தவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மொட்டைத் தலையும் காலில் சங்கிலியுமாக, எலும்பும் தோலுமாக விக்ரம் மனநோயாளிகளை வைத்திருக்கும் மடத்துச் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் காட்சியில் பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. கடைசியில் சேது தெளிந்து, சுவரேறித் தப்பி, காதலித்த பெண்ணைத் தேடி வருகிறான். அவள் பிணமாகக் கிடக்கிறாள். வந்த வழியே மடத்துக்குத் திரும்பிப் போகிறான். காதலித்தவன் பைத்தியமானான், காதலித்தவள் செத்தாள் என்று ஊர் அந்தக் கதையை ஒரே வரியில் மனப்பாடம் செய்துகொண்டது.

அந்த வருஷம்தான் எங்கள் பெரியப்பா மகனுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. உடம்பு என்று சொல்வது பழக்கம். போனது மனம். திருச்சியில் பி.எஸ்சி. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தார். முதலில் தூக்கம் போயிற்று. பிறகு குளிப்பது நின்றது. தட்டில் போட்ட சோற்றைக் கிளறிப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார். யாருமில்லாத பக்கம் திரும்பி முணுமுணுப்பார். தினமும் காலையில் எழுந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், திருச்சி பஸ் நிற்கும் இடத்தில், புளியமரத்தடியில் மத்தியானம் வரை நிற்பார். ஏறமாட்டார். பஸ் வரும், போகும். அவர் நிற்பார்.

இதை ஊர் எப்படிப் படித்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். படம் பார்த்து மாசம் ஆகவில்லை. "லவ் ஃபெயிலியர்தான், வேறென்ன" என்று டீக்கடையில் முடிவாகிவிட்டது. முடிவானபின் கதைக்கு ஒரு பெண் தேவைப்பட்டாள். அதே பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்வந்த, அடுத்த தெருப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறான், அவள்தான் ஏமாற்றிவிட்டாள் என்று கட்டினார்கள். மூன்று மாதத்தில் அந்தக் கதைக்குக் கடிதம் முளைத்தது, உச்சிப்பிள்ளையார் கோயிலில் பார்த்த சாட்சி முளைத்தது. என் பெரியம்மா தலைவாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார். அந்தப் பெண்ணின் அப்பா வாயே திறக்கவில்லை. படிப்பையும் நிறுத்தவில்லை. மகளைக் கொண்டுபோய் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார். அந்த மனிதர்மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை உண்டு.

வீட்டில் வைத்தியம் என்று நடந்ததெல்லாம் அந்தக் கதையை நம்பித்தான். வசியம் வைத்துவிட்டாள் என்று தகடு எடுத்தார்கள். தாயத்து கட்டினார்கள். குணசீலத்துக்குக் கூட்டிப்போய்ப் பெருமாள் சந்நிதியில் 48 நாள் தங்க வைத்தார்கள். அங்கே உச்சிக்காலத்திலும் இரவிலும் முகத்தில் அறைந்து தெளிக்கும் தீர்த்தத்தை அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டார். அந்தக் கோயிலை நான் குறை சொல்லமாட்டேன். தங்க இடமும், விரட்டாத மனிதர்களும், நேரத்துக்குச் சாப்பாடும் அங்கே கிடைத்தன. பிற்பாடு அங்கேயே அரசு உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையமும் வந்துவிட்டது. ஆனால் அண்ணனுக்கு வேண்டியிருந்த மருந்து அப்போது அந்தத் தீர்த்தத்தில் இல்லை.

பிறகு ஏர்வாடி என்று பேச்சு வந்தது. அங்கே தர்காவைச் சுற்றியிருக்கும் மனநோயாளி விடுதிகளில் விட்டால் பார்த்துக்கொள்வார்கள், மாசம் இவ்வளவு கட்டினால் போதும் என்று யாரோ விவரம் சொன்னார்கள். பெரியப்பா கிளம்பத் தயாராக இருந்தார். வழியில் ஓடிவிடுவானோ என்று பயந்து சந்தையில் ஒரு சங்கிலியும் வாங்கி வைத்திருந்தார். சாக்குப்பைக்குள் சுருட்டி, கொல்லைப்புறத் திண்ணையில் இருந்த அதை நான் தொட்டுப் பார்த்தேன். புதுச் சங்கிலி. எண்ணெய்ப் பிசுக்குக் கூடப் போகவில்லை. ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் வளையம்.

2001 ஆகஸ்ட் 6. விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு கொட்டகை விடுதி தீப்பிடித்தது. கட்டிப் போடப்பட்டிருந்தவர்கள் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். பேப்பரில் வந்த படத்தைப் பெரியப்பா வெகுநேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கரிந்த சங்கிலிகள். அன்றைக்கே அந்தப் பேச்சு நின்றது. வாங்கி வைத்த சங்கிலி பசுமாட்டுக்குப் போயிற்று.

ஏர்வாடிக்கு ஒன்றரை வருஷம் முன்னால்தான் தமிழ்நாடே சேதுவின் காலில் கிடந்த சங்கிலியைப் பார்த்து அழுதது. அழுத கண்ணோடு வெளியே வந்து, அதே சங்கிலியில் கிடந்த நிஜ மனிதர்களைக் கடந்துபோனது. திரையில் சங்கிலி காதலின் சின்னம். கொட்டகையில் அது வெறும் இரும்பு. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது, விடுதிகள் இழுத்து மூடப்பட்டன, அங்கிருந்தவர்கள் அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். 28 உயிர் போனபின் நடந்தவை இவை.

அண்ணனைத் திருச்சியில் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனது அதற்கப்புறம். நானும் கூடப் போனேன். வரிசையில் பாதிக்குமேல் இளவட்டங்கள். டாக்டர் நடுவயதுப் பெண்மணி. பெரியம்மா வழக்கமான கதையை எடுத்தார். பஸ் ஸ்டாண்டு, பெண், வசியம். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு நாற்காலியை அண்ணன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, "தம்பி, ஆள் இல்லாதப்ப யாராவது பேசுற மாதிரி கேக்குதா?" என்றார்.

அதுவரை அவரிடம் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: யார் அவள்? இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

அண்ணன் தலையைக் குனிந்தபடி சொன்னார். "கேக்குது டாக்டர். ரெண்டு ஆம்பளைக் குரல். நான் செய்யறதையெல்லாம் திட்டிக்கிட்டே இருக்கும். பஸ் ஸ்டாண்டுல நின்னா, பஸ் சத்தத்துல கொஞ்சம் அமுங்கிரும். அதான் போய் நிப்பேன்."

பெரியம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மனச்சிதைவு என்றார் டாக்டர். ஸ்கிசோஃப்ரினியா. உலகில் நூறு பேருக்கு ஒருவர் என்ற கணக்கை ஒட்டி வருகிற நோய். மூளையின் வேதிச் சமன் குலைவதும், பரம்பரைக் கூறும், வாழ்க்கை நெருக்கடியும் சேர்ந்து வருவது. ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்வயதின் முடிவிலிருந்து இருபத்தைந்துக்குள் தலைகாட்டும் என்றார். நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது இதைத்தான். காதல் வரும் வயதும் இந்த நோய் வரும் வயதும் ஒன்று. அதனால் முன்னதைப் பின்னதற்குக் காரணமாக்குவது எல்லாருக்கும் சுலபமாகிவிடுகிறது. விலகி நிற்பது, தூங்காமல் கிடப்பது, தனியே சிரிப்பது எல்லாமே நோயின் தொடக்கம். பார்க்கிறவர்களுக்கோ அது காதலின் அடையாளம். சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்த அடையாளம்.

அந்தப் பாடத்தைச் சேது மட்டும் நடத்தவில்லை. 1982-இல் வந்த 'மூன்றாம் பிறை'யில் விபத்தில் நினைவிழந்த ஸ்ரீதேவி குழந்தையாகவே மாறிவிடுகிறார். நாட்டு வைத்தியர் ஒருவரின் சிகிச்சையில் ஒரே நாளில் பழைய ஆளாகிறார். தலையில் அடிபட்டவர்களுக்கு நினைவு போவது உண்டு. அப்படிக் குழந்தையாக மாறுவதும் கிடையாது, ஒரே நாளில் திரும்புவதும் கிடையாது. 1991-இன் 'குணா'வில் நாயகன் மனநோயாளி என்பது கதையின் அச்சாணி. 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தபிறகு கொடைக்கானலில் 'குணா' எடுக்கப்பட்ட குகையைப் பார்க்கக் கூட்டம் அலைமோதுகிறது. குணாவின் நோயை நினைக்கிறவர் அங்கே யார்? 2012-இல் '3' வந்தபோது இருதுருவ மனநோய் என்று பெயரையே சொன்னார்கள். அது முன்னேற்றம்தான். ஆனால் நோயாளி என்றால் கொல்லக்கூடியவன், மறைத்து வைக்கப்பட வேண்டியவன் என்ற பயத்தையும் அதே படம் கூடவே கொடுத்துவிட்டது. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, காலையில் கடை திறக்கிற ஒரு மனநோயாளியைத் தமிழ் சினிமா இன்னும் எனக்குக் காட்டவில்லை.

எங்கள் அண்ணன் அப்படித்தான் இருக்கிறார். கடைவீதியில் சின்ன ஜெராக்ஸ் கடை. இரவு சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை. மருந்தால் உடம்பு போட்டுவிட்டது, கை லேசாக நடுங்கும். அதனால் லேமினேஷன் வேலையை மட்டும் பக்கத்துப் பையனிடம் விட்டுவிடுவார். நடுவில் இரண்டு தடவை "சரியாப் போச்சே, எதுக்கு இன்னும்" என்று மருந்தை நிறுத்தி, குரல்கள் திரும்பி வந்து, மறுபடி படுக்கையில் சேர்க்க வேண்டியிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எளிய வாழ்க்கை. ஆனால் அவருடையது.

சில வருஷம் முன்பு ஒரு கல்யாணத்தில் அந்தப் பெண் வந்திருந்தார். இப்போது டீச்சர். கல்லூரி போகும் வயதில் மகள். பந்தியில் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, அண்ணன் சாதத்துக்காகக் காத்திருந்த நேரம். நேராக வந்து எதிரில் நின்று, "நல்லா இருக்கீங்களா?" என்றார். பக்கத்து இலைக்காரர்கள் கை நின்றது. இருபது வருஷமாக ஊர் சொல்லிவந்த படத்தின் கடைசிக் காட்சி என்று நினைத்திருப்பார்கள்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "நல்லா இருக்கேன். மாத்திரை போட்டுக்கிறேன். நீங்க யாருன்னு தெரியலையேம்மா" என்றார்.

உண்மையிலேயே தெரியவில்லை. ஒருநாளும் அவர் அந்தப் பெண்ணைப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் பஸ்ஸை. 'மூன்றாம் பிறை'யின் முடிவில் கேத்தி ரயில் நிலையத்தில் தலையில் பானையோடு குதித்துக் குதித்துக் கமல் தன்னை ஞாபகப்படுத்திய காட்சிக்கு நாடே அழுதது. இங்கே ஞாபகப்படுத்த எதுவுமே இருந்ததில்லை. முன்னாள் காதலர்கள் என்று ஊர் எழுதி வைத்த இருவரும் அன்றுதான் முதன்முதலாகப் பேசிக்கொண்டார்கள். அந்த அம்மாள் கைகழுவும் இடத்துப் பக்கம் போய்க் கொஞ்சநேரம் நின்றார். என் பெரியம்மா பின்னாலேயே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

போன தீபாவளிக்கு டிவியில் 'சேது' போட்டார்கள். அண்ணன் முழுசாகப் பார்த்தார். எனக்கு இந்த முறை வேறு சில கண்ணில் பட்டன. படத்தின் நாயகியைத் தூக்கிக்கொண்டு போய் மிரட்டித்தான் சேது காதலைச் சொல்கிறான். 1999-இல் அதுவும் காதலாகவே கைத்தட்டல் வாங்கியது. இன்னொன்று, படத்திலேயே சேதுவின் நிலைக்குக் காரணம் காதல் கிடையாது. அடியாட்கள் அவன் தலையை மோதிச் சிதைக்கிறார்கள். அவனுக்கு வந்தது மூளைக் காயம். படம் அதை மறைக்கவில்லை, மறந்தது நாம்தான். விக்ரமின் நடிப்பும் இளையராஜாவின் இசையும் இன்றும் என்னைக் கலங்க வைக்கின்றன. நல்ல படம் என்ற என் எண்ணம் மாறவில்லை. சங்கிலிக் காட்சி வந்தபோது அண்ணன் என் பக்கம் திரும்பி, "தலையில அடிபட்டவனை எதுக்குடா கட்டிப் போடுறாங்க?" என்று கேட்டார்.

2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆவது பிரிவு, மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியில் பிணைக்கக் கூடாது என்று நேரடியாகத் தடை செய்கிறது. ஏர்வாடி தர்காவிலேயே இன்று துவாவோடு மருந்தும் கிடைக்கிறது, அரசு டாக்டர்கள் அங்கே உட்கார்ந்து பார்க்கிறார்கள். 1794-இல் தொடங்கிய சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை எந்த நேரமும் திறந்திருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, மருந்துக்குக் காசில்லை. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பிள்ளை தூங்காமல், குளிக்காமல், தனக்குத்தானே பேசிக்கொண்டு நின்றால், எந்தப் பெண், எந்தப் பையன் என்று தேடிக்கொண்டு போகாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அந்தத் தேடலில் எங்கள் அண்ணனுக்கு வருஷங்கள் போயின.