ஓட்டைக்குக் காவல்

மழை வரப்போவது எறும்புக்குத்தான் முதலில் தெரியும் என்பார்கள். தேசூரில் அதற்கும் முன்பே தெரிந்துகொள்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். செஞ்சிப் பக்கம் வானம் லேசாகக் கறுத்தால் போதும், டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். கொடியில் துணியோ களத்தில் நெல்லோ காயப்போட்டவர் அல்ல. அவருடைய வெள்ளை ஸ்விஃப்டின் பானட்டில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கிய ஓட்டைகள்.

வந்தவாசி, சேத்துப்பட்டு, ஆரணி என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஊருக்கு ஒருவராவது இந்த வகையறாவில் தேறுவார். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு நரேன் கார்த்திகேயனின் ஊர், கரி ஸ்பீட்வே இருக்கும் ஊர் என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்காவது உண்டு. நம்மவருக்கு அதுவும் கிடையாது. நெசவாளர் வீடுகளில் பட்டுச்சேலை எடுத்து ஆரணிக்கும் காஞ்சிபுரத்துக்கும் கொண்டுபோய்ப் போடுகிற தொழில். தறிச் சத்தம் கேட்கும் தெருவில் மூன்றாம் கியருக்கே வேலையில்லை. ஆனாலும் கார்பன் ஃபைபர் பானட், அதுவும் ஓட்டை வைத்தது, இல்லாவிட்டால் இன்ஜின் மூச்சுத் திணறிச் செத்துவிடும் என்று ஒருநாள் அவருக்குத் தோன்றிவிட்டது.

சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போய்ச் சொல்லி வைத்து வாங்கி வந்தார். விலை மூன்று. வீட்டுக்காரம்மாவுக்குச் சொன்னது ஒன்று. டீக்கடை நண்பர்களுக்குச் சொன்னது அதைப்போல நான்கு மடங்கு. உண்மை விலை கடைக்காரருக்கும் கடன் கொடுத்த மச்சானுக்கும் மட்டும் தெரியும்.

“பழசவிட எட்டுக் கிலோ கம்மிண்ணே! பிக்கப் எப்டி பிச்சிக்கும் தெரியுமா?” என்பார். கையில் இரண்டாவது பரோட்டா இருக்கும். எட்டுக் கிலோவை எங்கெங்கே குறைக்கலாம் என்று அவர் இடுப்பைப் பார்க்கிற எவருக்கும் தோன்றும். சொல்ல முடியாது. 1981-இல் மெக்லாரன் கம்பெனி முதன்முதலில் கார்பன் ஃபைபரில் ஃபார்முலா ஒன் காரின் கூட்டைச் செய்ததிலிருந்து ஆரம்பித்துவிடுவார். அது முடிவதற்குள் பரோட்டா ஆறிவிடும்.

ஓட்டையின் தத்துவத்தையும் அவரே விளக்குவார். ரேடியேட்டர் வழியாக உள்ளே புகும் காற்று சூடேறி அங்கேயே அடைந்துகிடக்கிறது, அதற்கு வெளியே போக வழி வேண்டும். இதுவரை சரிதான். கார் வேகமாக ஓடும்போது பானட்டின் முன்பாதியில் காற்றழுத்தம் குறையும். அங்கே திறப்பு வைத்தால் உள்ளே இருக்கும் சூட்டை அதுவே இழுத்துக்கொள்ளும். முன்கண்ணாடியின் அடியில் நேர்மாறு, அங்கே அழுத்தம் அதிகம். காருக்குள் வெளிக்காற்று வருவதற்கான வழியைக் கம்பெனிக்காரர்கள் அந்த இடத்தில் வைப்பது அதனால்தான். நம்மவரின் ஓட்டைகள் கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் இருக்கின்றன. ஏன் அங்கே?

“அங்க இருந்தாத்தாண்ணே, உள்ள ஒக்காந்து ஓட்டும்போது எனக்குத் தெரியுது.”

இதற்கு மேல் காற்றியல் பேச யாருக்கு மனம் வரும்?

ஊரில் அந்த பானட்டை உண்மையாகவே ஆராய்ந்தவர் ஒருவர்தான், வயசான நெசவாளர். கார் வந்து நின்ற அன்று தறியை விட்டு எழுந்து வந்தார். காரைப் பார்க்கவில்லை, துணியைப் பார்த்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பானட் மேல் விரலை வைத்துக் குறுக்கே நகர்த்திக்கொண்டே போனார்.

“இன்னாபா இது, நெசவுதானே? பாவு இப்டிப் போவுது, ஊடை இப்டி. ரெண்டு மேல, ரெண்டு கீழ. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு இழை தள்ளிப் புடிச்சிருக்கான். அதான் கோடு சாய்வா வுழுது.”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கார்பன் ஃபைபர் என்பது பிசினில் தோய்த்து இறுக்கிய துணிதான். 3கே என்று சொல்லி விற்கிறார்களே, ஒரு கற்றைக்கு 3,000 இழை என்பதுதான் அதற்குக் கணக்கு. ஒரு இழையின் கனம் ஏழு மைக்ரான் அளவு, பட்டு இழையை விட மெலிது. ஊரே ரேஸ் காரென்று வாயைப் பிளந்து நின்ற பொருளில் பெரியவர் ஒரு கஜம் துணியைக் கண்டுகொண்டார். அதோடு விட்டாரா? பானட்டைத் தூக்கச் சொல்லி அடிப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே வெளுத்த கண்ணாடி இழை கச்சாமுச்சாவென்று ஒட்டிக்கிடந்தது.

“மேல ஒரு சுத்துதான் சரக்கு. உள்ள வேற. ஜரிகைல டெஸ்டட்னு சொல்லுவோமே, அது.”

நம்மவர் பானட்டைப் பட்டென்று மூடினார். மூடியது எட்டுக் கிலோ குறைவாக இருந்ததால் சத்தம்கூடச் சரியாக வரவில்லை.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில்தானே, அதுவரை நிம்மதி என்று நினைத்தால் இந்த ஜில்லாவின் வானம் அப்படி விடாது. ஆடி ஆவணியிலேயே பகலெல்லாம் வெயில் கொளுத்தி, சாயங்காலம் இடியோடு அரைமணி நேரம் ஊற்றிவிட்டுப் போகும். அப்படி ஒரு சாயங்காலம் வந்தவாசியிலிருந்து திரும்பியவர் காரை டீக்கடை எதிரே நிறுத்தினார். ஓடுகிற காரில் பெரும்பாலான மழை பானட்டின் மேலேயே வழுக்கிப் போய்விடும். நிற்கிற காரில் ஓட்டை வெறும் ஓட்டைதான். சொட்டு நேராகச் சூடான இன்ஜின் மேல் விழுந்தது. குப்பென்று ஆவி கிளம்பி இரண்டு திறப்புகளிலும் வெள்ளையாக வந்தது.

“வண்டி பத்திக்கிச்சி!” என்று யாரோ கத்தினார்கள். டீ மாஸ்டர் நல்ல மனுஷர். கிளாஸ் கழுவுகிற அன்னக்கூடைத் தண்ணீரை அப்படியே தூக்கி ஓடிவந்து, குறி தவறாமல் ஓட்டைக்குள் ஊற்றினார். ஆவி அடங்கியது. பிறகு வண்டியும் அடங்கியது.

மெக்கானிக் வந்து பார்த்து, பிளக் குழியில் தண்ணீர் நிற்கிறது, அதனால்தான் மிஸ்ஸிங் அடிக்கிறது என்றார். பஞ்சர் கடையிலிருந்து காற்றுக் குழாயை இழுத்து வந்து ஊதினார்கள். டீத்தூள் வாசனையோடு சாரல் தெறித்தது. வேடிக்கை பார்க்க வந்த பெரியவருக்கு அன்று மனசு இளகிவிட்டது. ஐப்பசி கார்த்திகையில் அவர் வீட்டுக் குழித்தறியிலும் ஊற்று கிளம்பிவிடும், கால் மிதிக்கிற இடத்தில் தண்ணீர் நிற்கும். தெருவில் பாவு நீட்டவும் முடியாது. “வுடு தம்பி. மழ வந்தா குழி வெச்சிருக்கறவன் எல்லாம் எறைச்சிதான் ஆவணும்” என்று தோளைத் தட்டினார்.

பானட்டில் திறப்போடு காரை விற்கிற கம்பெனிகள் இதை முன்னாலேயே யோசித்து, அடியில் ஒரு தட்டு வைத்துத் தண்ணீரை ஓரமாக வடியவிட்டுவிடுவது உண்டு. மெக்கானிக்கும் தகரத்தில் அப்படி ஒன்று செய்து மாட்டினார். ஒரே வாரத்தில் கழற்றிவிட்டார் நம்மவர். “அது இருந்தா சூடு எப்டிண்ணே வெளிய போவும்?” சூடு எங்கே போகிறது என்று இதுவரை அவர் கையை வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அதற்குப் பதில் அவர் கண்டுபிடித்தது ஃப்ளெக்ஸ் பேனர். யாரோ வீட்டுக் காதணி விழா முடிந்து கிடந்ததை எடுத்துவந்து, ராத்திரி பானட் மேல் போர்த்தி, நாலு மூலையிலும் செங்கல் வைத்துவிடுவார். கீறல் விழக்கூடாதே என்று செங்கலுக்கு அடியில் பழைய பட்டுத்துணி. காலையில் தெருக்கதவைத் திறந்தால் தங்கத் தோட்டோடு ஒரு குழந்தை வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். ஓரத்தில் தாய்மாமன்கள் கைகூப்பி வரவேற்பார்கள். கார் யாருடையது என்று வெளியூர்க்காரர் கேட்டால் அந்தத் தாய்மாமன் பெயரைச் சொல்கிறவர்களும் உண்டு.

சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி செய்து கொடுத்ததை மாற்றக்கூடாது என்கிற 2019 ஜனவரி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதே வருஷத் திருத்தத்தில் வந்த ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் எல்லாம் விரல்நுனியில். அவருடைய சந்தேகம் ஒன்றே ஒன்று. இரண்டு ஓட்டை என்பது ஒரு மாற்றமா, இரண்டு மாற்றமா? ஆகவே பெரிய ரோட்டில் சோதனை என்று கேள்விப்பட்டால் தெள்ளார் வழியாகப் போகமாட்டார், சந்துபொந்தில் சுற்றிக்கொண்டு போவார். அங்கே வேகம் இன்னும் குறைவு.

போட்டோ எடுக்க மட்டும் சீயமங்கலம் போவார். மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயிலுக்குக் கீழே, பாறைக்கு எதிரே, காரைக் கோணலாக நிறுத்தி எடுப்பார். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு நாலும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மண்டகப்பட்டில் கல்வெட்டு வைத்த ராஜா அவன். நம்மவர் பானட்டிலும் அந்த நாலும் கிடையாது. ராஜாவின் வேலை 1,400 வருஷ மழையைப் பார்த்துவிட்டது. இதற்கு ஒரு ஆவணி போதுமாயிருந்தது. பானட்டைப் பிடித்திருக்கும் இரும்பு ஊசிகளைச் சுற்றித் துருக் கோடு இறங்க ஆரம்பித்துவிட்டது, ஏனென்றால் ஈரம் பட்டால் கார்பன் தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பைத்தான் சீக்கிரம் அரிக்கவிடும்.

மழையைச் சொல்லி யாராவது சீண்டினால் அவரிடம் பதில் தயாராக இருக்கிறது. “சென்னைல நைட் ரேஸ் 2023 டிசம்பர்ல நடக்க வேண்டியது. மிக்ஜாம் புயல் வந்து, அடுத்த ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளிப்போச்சு. அவ்ளோ பெரிய கவர்மென்ட்டே மழைக்கு வண்டிய எடுக்கல. நான் எடுக்கணுமா?” சொல்லிவிட்டு ஆரணிக்கு பஸ் ஏறுவார், மடியில் சேலை மூட்டையோடு.

கார்த்திகை பிறந்து நாலு நாள் விடாமல் பெய்ததில்தான் மனசு மாறியது. மழை முடிகிற வரைக்கும் பழைய பானட்டையே மாட்டிக்கொள்ளலாம், தை பிறந்ததும் கார்பனைப் போட்டுக்கொள்ளலாம் என்று மெக்கானிக் சொன்ன யோசனை கௌரவமாகவும் இருந்தது. ஸ்பேனரோடு கொல்லைப்பக்கம் போனார். பழைய இரும்பு பானட் அங்கே அம்மாவின் விறகு அடுக்கின் மேல் கவிழ்ந்து கிடந்தது. மேலே ஒரு கோழி. அடியில் ஒரு சுள்ளிகூட நனையவில்லை.

“அதத் தொடாதடா. வெறகு நனைஞ்சா ஒனக்கு யாரு வெந்நி வெக்கிறது?”

“மழ முடியறவரைக்கும்தாம்மா. அதுக்கு பதிலா அந்தப் புதுச வெச்சிக்கோ. வெல எவ்ளோ தெரியுமா?”

“எது, அந்த ஓட்ட போட்டதா? வேணாஞ்சாமி. அத நீயே வெச்சிக்கோ.”