மீன் தண்ணீர் குடிக்குமா?

கேள்வி: தங்கமீனுக்கு வால் அழுகல். டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டினேன். மூன்று நாளாகியும் குணமில்லை. போலி மருந்தா?

பதில்: மருந்து அசல்தான், மீனுக்குள் போகவில்லை! நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பது மிக அபூர்வம். அதன் ரத்தத்தில் உப்பு அதிகம், வெளியே குறைவு. அதனால் செவுள் வழியே தண்ணீர் தானாக உள்ளே ஊறுகிறது. ஊறியதை இறைத்துக் கொட்டவே சிறுநீரகத்துக்கு நாள் முழுக்க வேலை. ஆக, தொட்டியில் கரைத்த மருந்து செவுளைத் தாண்டித்தான் ரத்தத்துக்குப் போகவேண்டும். டெட்ராசைக்ளினுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. போர் தண்ணீராக இருந்தால் இன்னும் மோசம். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் மருந்தைக் கட்டிப்போட்டுவிடும். வெளிச்சம் பட்டால் மருந்து சிதைந்து தண்ணீரும் பழுப்பாகும்.

கேள்வி: கடல்மீன் தண்ணீர் குடிக்குமே, அதற்குப் பலிக்குமா?

பதில்: குடிக்கும். ஆனால் கடல்நீரில் அதே கால்சியமும் மக்னீசியமும் இன்னும் ஏராளம். வாய்க்கு எட்டியது ரத்தத்துக்கு எட்டாது.

கேள்வி: இரையில் கலந்து கொடுக்கலாமா?

பதில்: மீன் சாப்பிடுகிற வரைக்கும் அதுதான் நல்ல வழி. நோய் முற்றிய மீன் முதலில் இரையைத்தான் ஒதுக்கும், அதனால் தாமதிக்காதீர்கள். எந்த மருந்து என்பதும் முக்கியம். தங்கமீனின் உறவான கெண்டைக்கு ஆக்ஸிடெட்ராசைக்ளினை வாய்வழி கொடுத்துப் பார்த்த ஆய்வில், நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேரவில்லை. என்ரோஃப்ளாக்சசின் போன்றவை குடலில் நன்றாக ஏறும். எது, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும்.

கேள்வி: சென்னை நண்பர் தன் கோய் மீனுக்குக் கொடுத்த அதே அளவை, கொடைக்கானலில் நான் என் குளத்து மீனுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. குளத்து மீனுக்கென்று தனி உடல்சூடு கிடையாது, தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. 28 டிகிரியில் சுறுசுறுப்பாக மருந்தை வெளியேற்றும் ஈரலும் சிறுநீரகமும் 15 டிகிரியில் சோம்பிவிடும். மருந்து மெதுவாக ஏறும், மெதுவாகவே இறங்கும். முந்தைய வேளை மருந்து கழியுமுன் அடுத்ததைக் கொடுத்தால் உடலில் தேங்கி நஞ்சாகும். மருத்துவரிடம் போகும்போது மீனின் எடையோடு குளத்தின் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: ஒரு மீனுக்கு மருந்து போட்டேன். நான்காம் நாள் நன்றாக இருந்த மற்றவையும் செத்தன. ஏன்?

பதில்: வருத்தமாக இருக்கிறது. ஃபில்டரில் குடியிருந்து அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் நல்ல பாக்டீரியாக்களையும் மருந்து கொன்றிருக்கலாம். பிறகு மீன்களைக் கொன்றது அவற்றின் கழிவேதான். இனி நோயாளி மீனைத் தனி வாளியில், காற்றுக்குழாயோடு வைத்து வைத்தியம் பாருங்கள். மருந்துக் கடைக்குக் கிளம்புமுன் தொட்டியின் அம்மோனியாவைச் சோதியுங்கள். பல வால் அழுகல்கள் அழுக்குத் தண்ணீரில்தான் தொடங்குகின்றன.